அறுபது மில்லி நொடியில் எட்டு லிட்டர் வெந்நீர்

அண்ணன் மகள் மின்னியல் பொறியியல் கடைசி ஆண்டு படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். எண்ணெய் நிரப்பிய டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஆர்க் அடித்தால் தொட்டி என்ன ஆகும் என்பதைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டுவதுதான் அவளுடைய புராஜெக்ட். திரையில் தொட்டி சிவப்பும் மஞ்சளுமாக மின்னியது.

"சித்தப்பா, மாடல் ஓடுதுங்க. ஆனா டேங்க் சுக்குநூறாப் போயிடுது. வீடியோவுல பார்த்தா அப்படி இல்லீங்களே. ஒரு பக்கம் கிழிஞ்சு எண்ணெய் கொட்டுது, அப்புறம்தான தீப்பிடிக்குது?"

கணினி சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு போகாமல், கண்ணால் பார்த்ததோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். அது எனக்குப் பிடித்திருந்தது. மடிக்கணினியை மூடி வைக்கச் சொல்லிவிட்டுத் தெருமுனை டீக்கடைக்கு அழைத்துப் போனேன். மின்வாரியத்தில் மீட்டரும் ரிலேயும் சோதிக்கும் எம்.ஆர்.டி. பிரிவில் முப்பது வருடம் ரிலே சோதித்தவன் நான். கோளாறைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் கருவிதான் ரிலே. ஒரு டிரான்ஸ்ஃபார்மர் ஏன் வெடிக்கிறது, ஏன் பெரும்பாலும் வெடிக்காமல் தப்பிக்கிறது என்பதை ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டே முக்கால்வாசி சொல்லிவிடலாம். மீதிக் கால்வாசிக்குத்தான் கணினி வேண்டும். அன்று அவளிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வரிசையைச் சரிசெய்துகொள்வோம். செய்தித்தாளில் "டிரான்ஸ்ஃபார்மர் தீப்பிடித்து வெடித்தது" என்று போடுவார்கள். நடப்பது பெரும்பாலும் தலைகீழ். மூடிய தொட்டிக்குள் எண்ணெய் முழுக்க நிரம்பியிருக்கிறது. எரிவதற்குக் காற்று வேண்டுமே, அது அங்கே இல்லை. ஆகவே உள்ளே எதுவும் எரிவதில்லை. முதலில் அழுத்தம் ஏறித் தொட்டி கிழிகிறது. கிழிசல் வழியாகச் சூடான வாயுவும் எண்ணெய்ச் சாரலும் வெளியே பீறிட்டுக் காற்றைத் தொட்ட பிறகுதான் தீ. இந்த வரிசை மனதில் பதிந்துவிட்டால், தீயணைப்பு வேறு, வெடிப்பைத் தடுப்பது வேறு என்பதும் புரிந்துவிடும். தொட்டி கிழியாமல் இருந்தால் தீயணைக்க வேண்டிய வேலையே வராது.

அந்த எண்ணெய்க்கு அங்கே இரண்டு வேலை. சுருளில் பிறக்கும் சூட்டை எடுத்துக்கொண்டுபோய் ரேடியேட்டரில் விடுவது ஒன்று. சுருளுக்கும் சுருளுக்கும், சுருளுக்கும் தொட்டிக்கும் நடுவே மின்சாரம் பாயாமல் காப்பது இன்னொன்று. தெருவில் நிற்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மரில் நூறு, இருநூறு லிட்டர் இருக்கும். சப்-ஸ்டேஷனில் நிற்கும் பெரியவற்றில் பல பத்தாயிரம் லிட்டர். ஈரம் புகுந்தோ, காகிதக் காப்பு வயதாகி நொறுங்கியோ, இடி விழுந்த அதிர்ச்சியிலோ அந்தக் காப்பு ஓரிடத்தில் விட்டுப்போனால், எண்ணெயைத் துளைத்துக்கொண்டு மின்சாரம் பாய்கிறது. அதுதான் ஆர்க். வெல்டிங் பட்டறையில் கண்ணைக் கூச வைக்கிற அதே பொருள். வெப்பம் பல ஆயிரம் டிகிரி.

டீக்கடையில் பக்கத்திலேயே வடைச்சட்டி காய்ந்துகொண்டிருந்தது. காய்ந்த எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் நொடியில் ஆவியாகி, சொட்டாக இருந்ததைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் இடம் கேட்கிறது. வழியில் நிற்கும் எண்ணெயைத் தூக்கி எறிகிறது. டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஆவியாவது எண்ணெயேதான். ஆவியாவதோடு நிற்பதும் இல்லை. ஆர்க்கின் சூட்டில் எண்ணெயின் மூலக்கூறுகளே கிழிந்துபோகின்றன. பிறக்கும் வாயுவில் பெரும்பங்கு ஹைட்ரஜன், அடுத்தது அசிட்டிலின். கூடவே மீத்தேனும் எத்திலீனும். அசிட்டிலின் என்பது கேஸ் வெல்டிங் செய்கிறவர்கள் சிலிண்டரில் வாங்கிவரும் அதே வாயு. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

சரி, எவ்வளவு வாயு? அதைச் சொல்ல, ஆர்க் எவ்வளவு ஆற்றலைக் கொட்டுகிறது என்று தெரியவேண்டும். வோல்டேஜ், கரண்ட், நேரம் மூன்றையும் பெருக்கினால் ஆற்றல். இங்கேதான் அண்ணன் மகள் சறுக்கியிருந்தாள். அவள் எடுத்துக்கொண்டது நம் தமிழ்நாட்டு 230 கிலோவோல்ட் டிரான்ஸ்ஃபார்மர். ஷார்ட் ஆனால் 20,000 ஆம்பியர் பாயும், மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் 60 மில்லி நொடியில் திறக்கும் என்று வைத்திருந்தாள். மூன்றையும் பெருக்கி 276 மெகாஜூல் என்று மாடலுக்குள் ஊற்றிவிட்டாள். தொட்டி சுக்குநூறாகாமல் என்ன செய்யும்?

"கண்ணு, ஷார்ட் ஆன இடத்துல 230 கிலோவோல்ட் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். "இருக்காதுங்களா?"

இருக்காது. ஆர்க் பற்றிய அடுத்த கணமே அந்த வோல்டேஜ் சரிந்துவிடுகிறது. ஏறக்குறைய முழுவதும் மின்சாரம் வரும் வழியில், அதாவது லைனிலும் மற்ற டிரான்ஸ்ஃபார்மர்களிலும் ஜெனரேட்டரிலும் விழுந்துவிடும். ஆர்க்கின் இரு முனைகளுக்கும் நடுவே மிஞ்சுவது அதன் நீளத்தைப் பொறுத்த ஒரு சிறு பங்கு. எண்ணெய்க்குள் அடிக்கும் ஆர்க்குக்குச் சென்டிமீட்டருக்கு ஐம்பது அறுபது வோல்ட் என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான ஆர்க் என்றால் இரண்டாயிரம் வோல்ட் வரும். இப்போது பெருக்குவோம்: 2,000 வோல்ட், 20,000 ஆம்பியர், 0.06 நொடி. விடை 2.4 மெகாஜூல். அவள் போட்டதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

2.4 மெகாஜூல் என்றால் எவ்வளவு? டீ மாஸ்டரின் பாய்லரைக் காட்டினேன். முப்பது டிகிரியில் இருக்கும் எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஆகும் சூடு அது. ஐம்பது கிராம் சமையல் எரிவாயு எரிந்தால் போதும்; எண்பது கிளாஸ் டீ போட்டுவிடலாம். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. எண்பது டீக்கான சூடு எப்படிக் கனத்த இரும்புத் தகட்டைக் கிழிக்கும்?

மாஸ்டர் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறார். ஆர்க் எடுத்துக்கொள்வது 60 மில்லி நொடி. கண் ஒருமுறை இமைத்துத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த இமைப்பொழுதில் ஓடும் திறன் 40 மெகாவாட். அதுவும் பாய்லர் முழுக்கப் பரவி ஏறும் சூடு இல்லை. விரல் பருமன் உள்ள ஒரு நெருப்புக் கயிற்றில் குவிந்த சூடு. டிரான்ஸ்ஃபார்மர் வெடிப்பைக் கணக்கிட முனைந்தவர்கள் எல்லோரும் இந்த நேரத்தோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

இனி வாயு. ஒரு மெகாஜூலுக்கு ஏறத்தாழ 85 லிட்டர் வாயு பிறக்கும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அது ஆறிய பிறகு சாதாரண அழுத்தத்தில் அளந்தது. நம் 2.4 மெகாஜூலுக்கு 200 லிட்டர், ஒரு பெரிய பீப்பாய் அளவு. ஆனால் பிறக்கும்போது அது ஆறியா இருக்கிறது? சுமார் 1,700 டிகிரி என்று எடுத்துக்கொண்டால் ஏழு மடங்கு விரிந்து ஏறக்குறைய 1,400 லிட்டர் இடம் கேட்கும். எண்ணெய் நிறைந்த தொட்டிக்குள், கால் வைக்கவும் இடம் இல்லாத இடத்தில், 1,400 லிட்டர்!

எண்ணெய் கொஞ்சம் அமுங்கி இடம் கொடுக்காதா என்று கேட்கலாம். கொடுக்கும், ஆனால் நூற்றில் ஒரு பங்கு அமுங்கவே 150 வளிமண்டல அழுத்தம் கேட்கும். அதற்குள் தொட்டி இருக்காது. வேறு யார் இடம் தருவது? இரண்டே பேர்தான். வாயு தானே அமுங்கிச் சுருங்கவேண்டும்; தொட்டியின் பக்கச் சுவர்கள் உப்பிக் கொடுக்கவேண்டும். இரண்டும் எந்த அழுத்தத்தில் ஒத்துப்போகின்றனவோ, அதுதான் தொட்டி தாங்கவேண்டிய அழுத்தம். இந்தச் சமன்பாட்டை ஒழுங்காக எழுதி, பொறியாளர்கள் எடுத்தாளும்படி வைத்தவர்கள் கனடாவின் ஹைட்ரோ-கெபெக் மின்வாரியத்தின் ஆய்வாளர்கள். 1965இல் உலகிலேயே முதன்முதலாக 735 கிலோவோல்ட் லைன் இழுத்த நிறுவனம் அது. அவ்வளவு பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை முன்னதாக வந்ததில் வியப்பில்லை.

கணக்கைக் கையால் போட்டுப் பார்க்கலாம், கடினமில்லை. உதாரணத்துக்கு ஒரு பெரிய, நெகிழ்வான தொட்டி. ஒரு வளிமண்டல அழுத்தம் கூடினால் 500 லிட்டர் உப்பும் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் அழுத்தம் ஒன்றேகால் வளிமண்டலம் ஏறும். சரிபார்ப்போம். ஒன்றேகாலில் தொட்டி தரும் இடம் 620 லிட்டர் சொச்சம். வெளிக்காற்றின் ஒன்றையும் சேர்த்து வாயுவின் மேல் இருப்பது இரண்டேகால். 1,400 லிட்டர் வாயு அதில் சுருங்கினால் அதே 620 லிட்டர் சொச்சம். இடமும் வாயுவும் பொருந்திவிட்டன. இப்போது விறைப்பான தொட்டி ஒன்று. ஒரு வளிமண்டலத்துக்கு 100 லிட்டர்தான் உப்பும். அதே ஆர்க், அதே வாயு. அழுத்தம் மூன்றேகால் ஏறுகிறது.

அண்ணன் மகள் பேனாவை வாங்கி இரண்டு கணக்கையும் தானே ஒருமுறை போட்டாள். "அப்ப கெட்டியான டேங்க்தான் கெடுதலுங்களா?" என்றாள். கெட்டியாக இருப்பது கெடுதல் இல்லை, விறைப்பாக இருப்பதுதான் கெடுதல். உப்பிக்கொடுத்துக் கிழியாமல் நிற்கும் தொட்டி பிழைக்கும். உப்ப மறுத்தால் அத்தனை அழுத்தத்தையும் தகடும் வெல்டிங்கும் நேருக்கு நேர் வாங்கவேண்டும். மழை வெள்ளத்தில் நாணல் வளைந்து நிற்பதைப்போலத்தான். பழைய பொறியாளர்கள் தொட்டிச் சுவருக்கு வரிசையாக இரும்புப் பட்டைகளை வைத்து விறைப்பாக்கினார்கள். எண்ணெய் நிரப்பும்போது உள்ளே வெற்றிடம் உண்டாக்கினால் தொட்டி நசுங்கக்கூடாதே என்பதற்காக. அந்தத் தேவை உண்மையானது. ஆர்க்கை நினைத்தும் ஒரு கண் வைத்திருக்கவேண்டும் என்பது பிறகு வந்த அறிவு.

அடுத்து அவள் கேட்டதும் எதிர்பார்த்ததுதான். மேலே பிரஷர் ரிலீஃப் வால்வு இருக்கிறதே, அது திறந்து எண்ணெயை வெளியே விட்டுவிடாதா? குக்கர் விசில் மாதிரி?

இதையும் கணக்கிட்டோம். ஆறங்குல வாய் உள்ள வால்வு. உள்ளே ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுதலாக இருந்தால் எண்ணெய் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் பீச்சியடிக்கும். கேட்க வேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாய் வழியே 60 மில்லி நொடியில் வெளியேறக்கூடியது பத்திலிருந்து பதினைந்து லிட்டர். வால்வு முதல் கணமே முழுக்கத் திறந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால்கூட அவ்வளவுதான். தேவைப்படும் இடமோ 600 லிட்டருக்கு மேல்.

குக்கர் விசிலுக்கு இந்த வம்பு இல்லை. அங்கே நீராவி மெல்லச் சேர்கிறது, மெல்லப் போகிறது. டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு சிறு கோளாறால் மெதுவாக வாயு சேர்ந்தால் அந்த வால்வு அருமையாக வேலை செய்யும். பெரிய ஆர்க்குக்கு அது போதாது. வால்வு வைத்தாயிற்று, இனி பயமில்லை என்று இருப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஒரு தாளில் ஐந்து நிமிடம் செலவிட்டால் அந்தத் தைரியம் தவறு என்று தெரிந்துவிடும்.

கையால் போடும் கணக்கு இத்தோடு நிற்கிறது. ஏன் என்றால், அது தொட்டி முழுக்க ஒரே அழுத்தம் என்று வைத்துக்கொள்கிறது. உண்மையில் ஆர்க் அடித்த மூலையில் ஒரு குமிழி பிறக்கிறது. அது விரியும்போது பக்கத்து எண்ணெயைத் தள்ளுகிறது. எண்ணெய் கனமானது, உடனே நகராது. அழுத்தத்தின் அலை எண்ணெய்க்குள் நொடிக்கு ஏறக்குறைய 1,400 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் சுவருக்குச் சேதி போய்ச் சேரவே இரண்டு மில்லி நொடி. அதற்குள் பக்கத்துச் சுவர் அடி வாங்கத் தொடங்கிவிட்டது. அலை சுவரில் மோதித் திரும்பும், சுருளில் மோதும், ஒன்றோடொன்று சேரும். ஓரிடத்தில் அழுத்தம் கணநேரம் மிக உயர்ந்துவிட்டு இறங்கும்.

கணினி மாடலின் வேலை இங்கே தொடங்குகிறது. தொட்டிக்குள் இருக்கும் எண்ணெயைச் சிறுசிறு கட்டங்களாக வெட்டிக்கொள்கிறார்கள். இரும்புச் சுவரை மெல்லிய தகட்டுத் துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஆர்க் அடிக்கும் கட்டங்களில் மட்டும் ஆற்றலை ஊற்றுகிறார்கள். பிறகு ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தை எவ்வளவு தள்ளுகிறது, சுவர் எவ்வளவு வளைகிறது, வளைந்த சுவர் எண்ணெய்க்கு எவ்வளவு இடம் விடுகிறது என்று அடிமேல் அடியாகக் கணக்கிட்டுக்கொண்டே போகவேண்டும். ஒரு அடிக்கான நேரம், அலை ஒரு கட்டத்தைக் கடக்கும் நேரத்தைவிடக் குறைவாக இருக்கவேண்டும். இல்லையென்றால் கணக்கு உளறும். இரும்பில் அலை நொடிக்கு 5,000 மீட்டர் ஓடுகிறது. ஒரு சென்டிமீட்டர் துண்டு என்றால் ஒரு அடி இரண்டு மைக்ரோ நொடி. 60 மில்லி நொடிக்கு 30,000 அடி. கடலுக்கடியில் குண்டு வெடித்தால் கப்பலின் வயிறு என்ன ஆகும் என்று பார்க்கப் பயன்படும் கணக்குமுறைகளின் உறவுதான் இது.

அந்த மாடல்கள் சொன்ன ஒன்று முதலில் யாருக்கும் எளிதில் பிடிபடவில்லை. சோதனைச்சாலையில் உண்மையான தொட்டிகளில் ஆர்க் அடித்துப் பார்த்தபோதும் அதுவே தெரிந்தது. நின்று நிலைக்கும் அழுத்தத்தில் கிழிந்துபோகும் தொட்டி, அதைவிடப் பல மடங்கு உயர்ந்த அழுத்தத்தை, அது கணநேரமே நீடித்தால், தாங்கிக்கொள்கிறது. முதுகில் ஒரு தட்டுத் தட்டினால் தாங்குகிறோம், அதே விசையோடு ஒரு மூட்டையை ஏற்றி வைத்தால் உட்கார்ந்துவிடுகிறோம். முதல் அலையின் அடியை விட, பின்னாலேயே வரும் எண்ணெயின் தள்ளலும், கடைசியில் தங்கிவிடும் அழுத்தமும்தான் பெரும்பாலும் தொட்டியைக் கிழிக்கின்றன. அதனால் எந்த உச்ச எண்ணைப் பார்த்தும் பதறவேண்டாம், அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார் என்று அண்ணன் மகளிடம் சொன்னேன். திரையில் சிவப்பு நிறம் வந்தாலே தொட்டி போயிற்று என்று அவள் எண்ணியிருந்தாள்.

மாடலால் சொல்ல முடியாததும் உண்டு. ஆர்க் எந்த இடத்தில் அடிக்கும், எவ்வளவு நீளத்துக்கு இழுபடும், ஓரிடத்தில் நிற்குமா நகருமா என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஒருமுறை ஓட்டிப் பார்த்து ஒரு விடையைப் புராஜெக்டில் ஒட்டுவதில் பயன் குறைவு. ஆர்க்கை இடம் மாற்றி, நீளம் மாற்றி, கரண்ட் மாற்றி நூறு முறை ஓட்டவேண்டும். அப்போது இந்தத் தொட்டி எங்கே முதலில் கிழியும் என்பது புலப்படும். அது தெரிந்துவிட்டால் வடிவமைப்பவரால் அந்த இடத்தை மாற்றிவைக்க முடியும். அடிப்பகுதியில் கிழிந்தால் மொத்த எண்ணெயும் தரையில். மேல்மூடியின் ஓரம் திறந்துகொண்டால் கொஞ்சம் எண்ணெயோடு போகும். கிழிவதைத் தடுக்க முடியாத அளவு பெரிய ஆர்க் என்றால், எங்கே கிழியவேண்டும் என்றாவது நாம் தீர்மானிக்கலாம். இந்தத் துறையில் மாடலிங் தந்த மிகப் பெரிய கொடை இதுதான் என்பது என் கருத்து. 2016இல் அமெரிக்காவின் ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பு தொட்டி கிழிவதைத் தணிப்பதற்கென்றே தனி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது.

இரண்டாவது டீ வந்தது. அண்ணன் மகள் கேட்டாள்: "அப்ப நேரத்தைக் குறைச்சா போதும்ங்களா, சித்தப்பா?"

பாதிக்குமேல் அதுதான். நம் நாட்டில் மத்திய மின்சார ஆணையத்தின் விதிப்படி 400 கிலோவோல்ட்டில் ஷார்ட் ஆனால் 100 மில்லி நொடிக்குள்ளும், 220, 132 கிலோவோல்ட்டில் 160 மில்லி நொடிக்குள்ளும் துண்டித்தாகவேண்டும். நல்ல ரிலேயும் நல்ல பிரேக்கரும் இதைவிட வேகமாகவே முடித்துவிடும். நம் உதாரணத்தில் 60 என்பது 120 ஆனால் ஆற்றலும் வாயுவும் இரட்டிப்பு. நெகிழ்வான தொட்டியில்கூட அழுத்தம் ஒன்றேகாலிலிருந்து இரண்டை நெருங்கிவிடும். ஒரு பிரேக்கரின் பொறிமுறை பிசுபிசுத்துப்போய் மெதுவாகத் திறந்தால், பின்னால் இருக்கும் பிரேக்கர் விழும்வரை பல நூறு மில்லி நொடி ஆர்க் எரிந்துகொண்டிருக்கும். நான் வேலையில் இருந்தபோது பிரேக்கர் திறக்கும் நேரத்தை ஆண்டுதோறும் அளப்பதை வெற்றுச் சடங்காக எண்ணியவர்கள் உண்டு. அளந்த ஒவ்வொரு மில்லி நொடியும் லிட்டர் கணக்கில் வாயு.

மின் உற்பத்தி நிலையத்தில் இன்னொரு சிக்கல். அங்கே ஜெனரேட்டரோடு நேரடியாகச் சேர்ந்த டிரான்ஸ்ஃபார்மரில் ஷார்ட் ஆனால், லைன் பக்கத்து பிரேக்கர் திறந்த பிறகும், சுற்றிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டர் தன் காந்தப்புலம் அடங்கும்வரை நொடிக்கணக்கில் ஆர்க்குக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். நடுவே துண்டிக்கும் பிரேக்கர் இல்லாத நிலையங்களில் இது பெரிய ஆபத்து. மின் நிலைய டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு ஷார்ட் எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்கு ஓர் உதாரணம். ஜெர்மனியில் ஹாம்பர்க் அருகே உள்ள க்ரூமல் அணுமின் நிலையத்தில் 2007 ஜூன் 28 அன்று ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் ஷார்ட் ஆகித் தீப்பற்றியது. அணு உலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நிலையம் இரண்டாண்டு நின்றது. 2009 ஜூனில் திரும்ப இயக்கிய சில வாரங்களிலேயே, ஜூலை 4 அன்று, இன்னொரு டிரான்ஸ்ஃபார்மரில் ஷார்ட். அத்தோடு நின்ற உலை மறுபடி ஓடவே இல்லை.

தெரு டிரான்ஸ்ஃபார்மரில் பிரேக்கர் இல்லை. அங்கே நேரத்தைக் காக்கும் காவலன் ஹெச்.ஜி. (ஹார்ன் கேப்) ஃப்யூஸ் கம்பி. அடிக்கடி பீஸ் போகிறது என்று அந்தக் கம்பியைத் தடிமனாகப் போட்டுவிட்டால், ஆர்க்குக்கு நாமே கூடுதல் நேரம் தருகிறோம். மேலே நிற்பது எண்ணெய்த் தொட்டி, கீழே நிற்பது மனிதர்கள்.

வேகத்துக்கு அடுத்தபடி முக்கியம், ஆர்க் அடிக்கும் முன்பே கண்டுபிடிப்பது. பெரிய ஆர்க் பெரும்பாலும் அறிவிப்பில்லாமல் வருவதில்லை. மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், உள்ளே சின்னச் சின்னப் பொறிகள் அடித்து எண்ணெயில் துளித்துளியாக வாயு கரைகிறது. ஜெர்மானியப் பொறியாளர் மாக்ஸ் புக்ஹோல்ஸ் 1921இல் ஒரு ரிலே செய்தார். தொட்டியிலிருந்து மேலே கன்சர்வேட்டர் என்ற சிறு எண்ணெய்த் தொட்டிக்குப் போகும் குழாயில் அதை வைத்தால், மேலேறும் வாயுக்குமிழ் அதில் சேர்ந்து மிதவையை இறக்கி மணி அடிக்கும். எண்ணெய் திடீரென்று பாய்ந்தால் பிரேக்கரையே விழச்செய்யும். நூறு வருடம் கழித்தும் அது கன்சர்வேட்டர் உள்ள பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களில் இருக்கிறது. ஹைட்ரோ-கெபெக்கில் வேலை பார்த்த மிஷேல் டுவால் 1974இல் எண்ணெயில் கரைந்த மூன்று வாயுக்களின் விகிதத்தை ஒரு முக்கோணத்தில் புள்ளியாகக் குறித்து, உள்ளே என்ன நோய் என்று சொல்லும் முறையைக் கொடுத்தார். அந்த மூன்றில் ஒன்று அசிட்டிலின். சாதாரணச் சூட்டில் அது உண்டாகாது. ஆர்க்கின் கடுஞ்சூடு வேண்டும். தொட்டி எண்ணெயில் அசிட்டிலின் ஏறிக்கொண்டே போகிறது என்றால் உள்ளே எங்கோ பொறி அடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு சிரிஞ்ச் எண்ணெய் எடுத்து ஆய்வுக்கு அனுப்பினால் போதும், தெரிந்துவிடும்.

தொட்டியை மட்டும் பார்த்தால் போதாது. மேலே கொம்பு மாதிரி நிற்கும் புஷிங், உயர் மின்னழுத்தத்தை உள்ளே கொண்டுபோகும் இடம். எண்ணெயில் ஊறிய காகிதத்தைச் சுற்றி வெளியே பீங்கான் போர்த்தியிருப்பார்கள். பீங்கான் உப்பிக்கொடுக்காது. உள்ளே இருக்கும் எண்ணெயும் கொஞ்சம்தான். நாம் போட்ட கணக்கில் விறைப்பான தொட்டி என்றோமே, அதற்கு உச்ச உதாரணம் இது.

2025 மார்ச் 20 அன்று இரவு பதினொன்றரை நெருங்கும் நேரத்தில், மேற்கு லண்டனில் உள்ள நார்த் ஹைட் சப்-ஸ்டேஷனில் 275 கிலோவோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று தீப்பற்றியது. அதன் அருகில் இருந்த இன்னொன்றும் நின்றது. ஏறத்தாழ 70,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. ஹீத்ரோ விமான நிலையம் மறுநாள் மாலைவரை மூடிக்கிடந்தது; ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் தடைப்பட்டன. சதியோ என்று உலகம் முழுக்கப் பேச்சு. ஜூலை 2 அன்று வந்த விசாரணை அறிக்கை, புஷிங்குக்குள் ஈரம் புகுந்து காப்பு விட்டு ஆர்க் அடித்ததே காரணமாக இருக்கக்கூடும் என்றது. அந்தப் புஷிங்கின் எண்ணெயில் ஈரம் மிகுந்திருப்பதாக 2018 ஜூலையிலேயே பரிசோதனை முடிவு வந்திருந்தது. அத்தகைய அளவு கண்டால் புஷிங்கை மாற்றவேண்டும் என்று அந்த சப்-ஸ்டேஷனை நடத்தும் நிறுவனத்தின் வழிகாட்டியே சொல்கிறது. மாற்றவில்லை. 2022இல் செய்திருக்கவேண்டிய பராமரிப்பும் தள்ளிப்போடப்பட்டது. தீயின்மேல் நீர் தெளிக்கும் அமைப்பும் அன்று வேலை செய்யும் நிலையில் இல்லை.

இதை நான் சொன்னபோது அண்ணன் மகள் டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள். "ஏழு வருஷம் பேப்பர்ல இருந்துச்சுங்களா?" என்றாள். ஆறரைக்கு மேல், ஆமாம்.

தீ மூண்ட பிறகு காப்பதற்கும் நம்மிடம் விதிகள் இருக்கின்றன. 10 மெகாவோல்ட் ஆம்பியரோ அதற்கு மேலோ உள்ள, அல்லது 2,000 லிட்டருக்கு மேல் எண்ணெய் உள்ள டிரான்ஸ்ஃபார்மருக்குத் தீயணைப்பு அமைப்போ நைட்ரஜன் செலுத்தும் அமைப்போ இருக்கவேண்டும்; கொட்டும் எண்ணெயை வாங்கிக்கொள்ளக் கூழாங்கல் நிரப்பிய குழி வேண்டும். கனிம எண்ணெய்க்குப் பதில் சோயா போன்ற தாவர எண்ணெயிலிருந்து செய்த எஸ்டர் திரவமும் வந்துவிட்டது. அது எரிய 300 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஆனால் ஆர்க் அடித்தால் அதிலும் வாயு பிறக்கும், தொட்டியும் உப்பும். தீயின் அபாயம் குறையும், அவ்வளவே.

வீட்டுக்குத் திரும்பியதும் அவள் மாடலில் வோல்டேஜைத் திருத்தினாள். தொட்டி இம்முறை சுக்குநூறாகவில்லை. ஒரு பக்கச் சுவர் உப்பி, மேல்மூடியின் மூலையில் வெல்டிங் கிழிந்தது. வீடியோவில் பார்த்தது கிட்டத்தட்ட அதுதான். ஆர்க்கை எதிர்ப்பக்கம் வைத்து மறுபடி ஓட்டத் தொடங்கினாள்.

உங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரின் தொட்டியில் எண்ணெய் கசிந்து வழிவதைப் பார்த்தாலோ, புதிதாக ஒரு சடசடப்புக் கேட்டாலோ, அதன் அடியில் கடை போட்டிருப்பவர்களைத் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டு ஈ.பி. அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். சப்-ஸ்டேஷனில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இன்று பணிக்குப் போனதும், கடைசியாக வந்த எண்ணெய்ப் பரிசோதனை அறிக்கைகளை எடுத்து, அசிட்டிலின் என்ற வரியையும் ஈரம் என்ற வரியையும் அதற்கு முந்தைய ஆண்டின் எண்ணோடு வைத்துப் பாருங்கள். ஏறியிருந்தால், கோப்பில் திரும்ப வைக்காதீர்கள். அன்றைக்கே மேலே எழுதி அனுப்புங்கள்.